இன்ஜினை மாற்றும் முன், பழைய இன்ஜின் ஏன் போனது என்று பாருங்கள்

மூன்றே வாரத்தில் இன்ஜின் போன ஒரு வண்டியிலிருந்து தொடங்குகிறேன். பழைய டீசல் கேம்பர் வேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் அதிலேயே தங்கிப் பயணம் செய்பவர்கள். வேறொரு பட்டறையில், பிரித்துப் புதிதாகக் கட்டிய இன்ஜினை வாங்கி ஏற்றியிருந்தார்கள். முதல் நீண்ட மலையேற்றத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு, வெள்ளைப் புகை தள்ளி, வண்டி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "இன்ஜின்தான் புதுசாச்சே, அப்புறம் எப்படி?" என்று அந்த அம்மா கேட்டார்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். வளைந்திருந்தது, அதற்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் இரண்டு சிலிண்டருக்கு நடுவில் எரிந்துபோயிருந்தது. பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது செங்கல் நிறத்தில் சேறு கொட்டியது. பாதிக்கு மேல் குழாய்களில் தண்ணீர் போக வழியே இல்லை. முந்தைய இன்ஜின் எப்படிப் போனது என்று விசாரித்தேன். அதுவும் ஹெட் கேஸ்கெட்தான், அதுவும் மலையில்தான். ஒரே ரேடியேட்டர் இரண்டு இன்ஜினைத் தின்றிருக்கிறது. நடுவில் அந்த ரேடியேட்டரைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பல வருடமாக இன்ஜின் இறக்கி ஏற்றும் வேலை செய்கிறேன். டீசல் இன்ஜின் லேசில் சாகாது. அது செத்திருக்கிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. சூடு, ஆயில் இல்லாமை, அழுக்கான டீசல், அறுந்த டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை), வடிகட்டாத காற்று, இவற்றில் ஒன்று. அது எது என்று தெரியாமல் புது இன்ஜினை ஏற்றினால், அதுவும் அதே வழியில்தான் போகும். அதனால் என்னிடம் இன்ஜின் மாற்ற வருகிறவர்களிடம் புது இன்ஜினைப் பற்றி முதலில் பேசுவதில்லை. பழையதைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் கேட்பேன்.

கேம்பர் வேனில் சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், வண்டி எப்போதும் முழுச் சுமையில் ஓடுகிறது. அலமாரி, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், கூடுதல் பேட்டரி எல்லாம் எந்நேரமும் உள்ளேயே இருக்கும். காலியாக ஓடும் நாளே கிடையாது. கூரையை உயர்த்திய உடல் காற்றை எதிர்த்து நிற்கும். கார் இன்ஜினை அதில் வைத்தால், காரில் எப்போதாவது படும் பாட்டை இங்கே நாள் முழுக்கப் படும்.

ஃபோக்ஸ்வாகன் டி3 வேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் வந்த வண்டி. இன்றும் கேம்பராக நிறைய ஓடுகிறது. டீசல் வகையில் இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவில் வண்டியின் நீளத்துக்கு அடியில் இரண்டு குழாய்கள். மொத்தம் 15 லிட்டருக்கும் மேல் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், பிடிக்கும். இவ்வளவு நீளமான வழியில் எங்காவது ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால் போதும், ஹெட்டின் ஒரு மூலைக்குத் தண்ணீர் போகாது. ஏர் எடுக்கும்போது முன்பக்கத்தை நன்றாக உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் மேலே உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் மட்டுமே வரும்வரை காத்திருக்க வேண்டும். பல கேம்பர்களில் பின் இருக்கைக்கு அடியில் இன்னொரு ஹீட்டரும் இருக்கும். அதைக் கழுவ மறந்தால் அதில் தங்கிய துரு புது இன்ஜினுக்குள் போய்ச் சேரும். என் அனுபவத்தில் அதிகம் மறக்கப்படுவது இந்த ஹீட்டர்தான்.

பழைய இன்ஜின் சூட்டில்தான் போனதா என்று இறக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது ஹெட்டில் விரிசல் விழுந்திருக்கிறது.

சரி, காரணம் தெரிந்தது, அதைச் சரியும் செய்தாயிற்று. இப்போது எந்த இன்ஜின்?

மறுபடியும் டி3-யையே உதாரணமாகச் சொல்கிறேன். அதன் 1.6 லிட்டர் டர்போ டீசல் 70 குதிரைத்திறன், முறுக்குவிசை (சுழற்றும் பலம்) 138 நியூட்டன் மீட்டர். பலர் இதை எடுத்துவிட்டு 1.9 டர்போ டீசல் வைப்பார்கள். அது 75 குதிரைத்திறன். இன்னும் சிலர் 90 குதிரைத்திறன் டிடிஐ, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் பிற்கால டர்போ டீசல், வைப்பார்கள். அதன் முறுக்குவிசை 202 நியூட்டன் மீட்டர், பழையதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த முறுக்கு முழுவதும் பழைய கியர்பாக்ஸ் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். பலம் குறைந்த இன்ஜினுக்காக அமைத்த கியர்கள் குறைந்த வேகத்துக்கானவையாக இருக்கும். வேகமாகப் போனால் இன்ஜின் கத்தும். பிரேக்கும் பழைய வேகத்துக்கு ஏற்றதுதான். கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக் மூன்றையும் சேர்த்துத் திட்டமிடாமல் பெரிய இன்ஜின் மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் செய்து தருவதில்லை.

பட்டறையே இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள இன்ஜின்தான். ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பம்புக்கு டீசல் வால்வைத் திறந்துவைக்க ஒரே ஒரு வயர் போதும். டிடிஐ சக்தி வாய்ந்தது, டீசலும் குறைவாகக் குடிக்கும்; ஆனால் அதன் வயரிங், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். நடுவழியில் நின்றால் ஸ்பேனர் மட்டும் போதாது.

இன்னொரு வண்டியிலிருந்து இன்ஜின் வாங்குவதாக இருந்தால், அது அந்த வண்டியில் இருக்கும்போதே ஓடவிட்டுக் கேளுங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். பழைய 1.6, 1.9 ப்ரீசேம்பர் வகை (டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் எரியும் வகை) ஃபோக்ஸ்வாகன் டீசலில் புதிதாக இருக்கும்போது 34 பார் வரும். 26-க்குக் கீழே போனால் தேய்ந்துவிட்டது. டிடிஐ என்றால் 25 முதல் 31 வரை, கடைசி எல்லை 19. எந்த வகையானாலும் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5 பாரைத் தாண்டக்கூடாது. நான் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

சுலபமாக ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டி3-யில் டீசல் இன்ஜின் நிமிர்ந்து நிற்காது; 50 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும். அதே குடும்பத்து இன்ஜின் காரில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். கார் இன்ஜினை அப்படியே படுக்க வைத்தால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். அதனால் அடியில் ஆயில் தங்கும் சம்ப், உறிஞ்சு குழாய், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய், மவுண்ட் எல்லாம் பழைய வேன் இன்ஜினிலிருந்து மாற்றிப் போட வேண்டும். ஆயில் அளவுக் கம்பியும் அப்படித்தான். கார் கம்பியை வைத்து அளந்தால் அது பொய் சொல்லும். குறைவாகக் காட்டுகிறதே என்று ஊற்றிக்கொண்டே போனால், அளவுக்கு மேல் நிரம்பிய ஆயில் மூச்சுக் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் ஏறும். டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். தன் ஆயிலையே குடித்து, வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். ஒருமுறை இதை நேரில் பார்த்தவர் மறக்க மாட்டார்.

அதனால் ஏற்றிய இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது, காற்று வரும் குழாயைக் கழற்றிவைத்து, வாயை முழுசாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையோடு வைத்திருப்பேன். காற்றை அடைத்தால் இன்ஜின் நிற்கும். வெறும் கையாலோ துணியாலோ அடைக்க நினைக்காதீர்கள். துணியை இழுத்துக்கொள்ளும், கையைக் காயப்படுத்தும்.

அதற்கு முன்னும் இரண்டு வேலை உண்டு. டைமிங் பெல்ட் போட்ட பிறகு ஸ்பேனரால் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கைக் கையாலேயே முழுசாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் நிறுத்திவிட்டு மறுபடியும் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது முட்டினால் வால்வு வளைந்துவிடும். பிறகு பம்பின் அந்த ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். டர்போ முதல் நொடியிலிருந்தே ஆயில் கேட்கும்.

பெட்ரோல் வேனில் டீசல் வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. பெட்ரோல் இன்ஜின் காற்று உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான், பெடலை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் இல்லை. தனியாக வேக்யூம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் பிரேக் பெடல் கட்டையாகிவிடும், சுமையோடு இறக்கத்தில் வண்டி நிற்காது. டேங்கையும் முழுக்கக் காலி செய்து கழுவி, டீசல் திரும்பிப் போக ஒரு குழாயும் இழுக்க வேண்டும்.

கேம்பருக்கே உரிய ஆபத்துகள் வேறு. சாதாரண வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றினால் மின்சாரம் போய்விடும். இதில் போகாது. உள்ளே இரண்டாவது பேட்டரி இருக்கும், கூரையில் சோலார் பேனல் இருக்கும். ஒரு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் வயரில் ஸ்பேனரை வைத்தவர் கை சுட்டுக்கொண்டதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் சார்ஜ் ரிலே வழியாக மற்ற பேட்டரி ஊட்டிக்கொண்டிருந்தது. முதலில் சோலார் பேனலின் இணைப்பு, பிறகு இரண்டு பேட்டரியும் என்று எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரை மூடினால் மட்டும் போதாது, வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். வெல்டிங் வேலை இருந்தால் மெத்தையும் சுவருக்குள் இருக்கும் பஞ்சும் தீப்பிடிக்கும் பொருள்.

இன்ஜின் பின்னால் இருக்கும் வேனில் அதன் மூடிக்கு மேலேயே மெத்தை விரித்துத் தூங்குவார்கள். புது வயருக்காகத் தரையில் போட்ட ஓட்டை, மூடியைச் சுற்றிக் கிழிந்துபோன ரப்பர், சைலன்சர் இணைப்பில் சின்ன ஒழுக்கு, இவை வழியாகப் புகை தூங்குகிற இடத்துக்கு வரும். ரப்பரைப் புதிதாகப் போட்டு, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைக்காமல் நான் வண்டியைத் திருப்பித் தருவதில்லை. புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டு எச்சரிக்கும் அலாரமும் மாட்டச் சொல்வேன். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் இருக்கிற வண்டியில் இன்ஜின் மாற்றாவிட்டாலும் அது இருக்க வேண்டியதுதான்.

இன்ஜின் எண், எரிபொருள் வகை, திறன் இவை பதிவு ஆவணத்தில் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள்.

பழைய இன்ஜினை அன்றே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிராக்கெட், ஒரு குழாய், ஒரு போல்ட் என்று ஏதாவது ஒன்று கடைசி நாளில் தேவைப்படும். பழைய வண்டிக்கு அது கடையில் கிடைக்காது. புது இன்ஜின் 1000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை அது ஒரு மூலையில் கிடக்கட்டும். அந்த 1000 கிலோமீட்டரில் முதல் பயணம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி காலியாகவும் இருக்கட்டும். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் பாட்டிலைத் திறந்து பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் ஊற்றிவிட்டு, எங்கே போனது என்று அடியில் படுத்துத் தேடுங்கள். அந்தக் கணவனும் மனைவியும் புது ரேடியேட்டரும் புதுக் குழாயும் போட்ட பிறகு தினமும் காலையில் இப்படிப் பார்க்கிறார்கள். அந்த அம்மா ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் அளவைக் குறித்தே வைத்திருக்கிறார்.