கூடாரத்துக்குள் குளிர் எந்த வழியாக வருகிறது?

உதகைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் புல்தரையில், ஜனவரி மாதத்து இரவொன்றில், நான் முதன்முதலாகக் கூடாரம் அடித்துப் படுத்தேன். அந்தப் பயணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் முக்கால் பங்கு கூடாரத்துக்கே போயிருந்தது. மேலே போர்த்த இரண்டு கம்பளிகளும் கீழே விரிக்க ஒரு ஜமுக்காளமும் வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு நடுக்கம் தாங்காமல் விழித்தபோது, கூடாரத்தில் எங்கோ தையல் பிரிந்து காற்று புகுகிறது என்று முடிவு செய்து, டார்ச் விளக்கோடு ஒவ்வொரு மூலையையும் தடவிப் பார்த்தேன். தையல் எதுவும் பிரியவில்லை. நண்பரின் கம்பளி ஒன்றையும் வாங்கிப் போர்த்திக்கொண்டேன், அதனாலும் பயனில்லை. குளிர் புகுந்த வழி முதுகுக்கு அடியில் இருந்தது என்பது விடிந்த பிறகுதான் விளங்கியது.

குறைந்த செலவில் மலைப் பயணம் தொடங்குகிறவர்களில் பலர் செய்யும் பிழை இதுதான். கூடாரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் பணம் அதன் பக்கம் போகிறது. உடலுக்கும் தரைக்கும் நடுவில் விரிக்கும் பொருளைக் கடைசியில், மிச்சமிருக்கும் சில்லறையில் வாங்குகிறோம். வெப்பம் உடலை விட்டு எந்தெந்த வழிகளில் வெளியேறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், வாங்கும் வரிசை ஏறத்தாழத் தலைகீழாக மாறிவிடும்.

உறங்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 70 முதல் 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு ஒப்பான அளவு அது. கம்பளி, ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப் பை, கூடாரம் ஆகிய எதுவும் தானாக ஒரு வாட் வெப்பத்தைக்கூட உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பது மட்டுமே அவற்றால் முடியும். அந்த வேலையையும் பெரும்பாலும் செய்வது துணியோ இழையோ அல்ல, அவற்றின் இடுக்குகளில் அசையாமல் சிக்கிக்கொண்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அதோடு ஒப்பிட்டால் தண்ணீர் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஈர மண் அதைவிடவும் கூடுதலாகக் கடத்தும். எனவே குளிருக்கான பொருள்களை வாங்கும்போது நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது உலர்ந்த, அசையாத காற்றின் தடிமனைத்தான்.

இப்போது கம்பளியின் மேல் படுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். போர்த்திக்கொண்ட கம்பளி உப்பலாக நிற்கிறது. அடியில் விரித்த கம்பளி உடல் எடையில் நசுங்கி, தன்னுள் இருந்த காற்றையெல்லாம் இழந்து வெறும் துணித் தகடாகிவிடுகிறது. விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதிக்கும் இதே கதிதான். அதனால்தான் எடையைத் தாங்கியும் நசுங்காத ஒரு பொருள் அடியில் தேவைப்படுகிறது. ஒவ்வொரு குமிழியும் தனித்தனியாக மூடப்பட்டிருக்கும் ஃபோம் விரிப்பு அந்த வகையைச் சேர்ந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், தரையின் வெப்பநிலை 8 டிகிரி, உடல் தரையோடு பொருந்தும் பரப்பு அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருக்கும் 6 மில்லிமீட்டர் யோகா மேட்டின் மேல் படுத்தால், அதன் வழியே சுமார் 80 வாட் வெப்பம் தரைக்குள் இறங்குகிறது. அதாவது உடல் உண்டாக்கும் வெப்பம் முழுவதும் முதுகு வழியாகவே போய்விடுகிறது. 14 மில்லிமீட்டர் ஃபோம் விரிப்பில் இந்த இழப்பு 36 வாட்டாகவும், அப்படிப்பட்ட இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தால் 18 வாட்டாகவும் குறைகிறது. படுத்திருக்கும் இடத்து மண் மெல்லச் சூடேறுவதாலும் நாம் உடை அணிந்திருப்பதாலும் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் பெரிதாக மாறாது. இந்தத் தடுப்புத் திறனைத்தான் விரிப்புகளின் அட்டையில் ஆர் மதிப்பு என்று அச்சிடுகிறார்கள். இதை அளக்க 2018-இல் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு ஒரு பொதுவான சோதனை முறையை வகுத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்குத் தோன்றிய முறையில் அளந்து தமக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே சொன்ன யோகா மேட்டின் ஆர் மதிப்பு ஒன்றுக்கும் கீழே. 14 மில்லிமீட்டர் ஃபோமுக்கு ஏறத்தாழ இரண்டு. இந்த எண்களுக்கு ஒரு வசதி உண்டு: இரண்டு விரிப்புகளை அடுக்கினால் இரண்டின் மதிப்பையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

காற்றுதான் காப்பு என்றால், காற்றடைத்த பெரிய மெத்தையை விரித்தால் போதுமே என்று தோன்றலாம். நானும் ஒருமுறை அப்படி நினைத்துத்தான் ஒன்றைச் சுமந்து போனேன். அந்த மெத்தையின் உள்ளே தடுப்பு எதுவும் இல்லாததால், உடல் அசையும்போதெல்லாம் காற்று இங்குமங்கும் தள்ளப்பட்டு, மேலே பெற்ற வெப்பத்தைக் கீழே கொண்டுபோய்த் தரையிடம் கொடுத்துவிடுகிறது. அறையில் விருந்தாளிக்கு விரிக்க அது நல்ல மெத்தை. 5 டிகிரி தரையில் அது ஒரு குளிர்சாதனப் பெட்டி. மலையேறுகிறவர்களுக்கென்று செய்யப்படும் காற்று விரிப்புகளில் இழைப் பஞ்சையோ பல அடுக்குத் தாள்களையோ உள்ளே வைத்துக் காற்றைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் நெளி அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மூன்று நான்கு அடுக்காக விரித்தால் அவற்றின் நெளிவுகளுக்குள் காற்று தங்குகிறது. ஈரம் ஏறாமல் கீழே ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டும். வைக்கோலின் மேல் பாயை விரித்துப் படுப்பதும் இதே அறிவியல்தான், தண்டின் உட்குழலில் உள்ள காற்றும் தண்டுகளுக்கு இடையிலான காற்றும் சேர்ந்து காக்கின்றன. வெள்ளித் தாள் ஒட்டிய விரிப்புகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பளபளப்பான பரப்பு வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போது வெப்பம் தொடுகையின் வழியாகவே கடந்துவிடுவதால், அங்கே வேலை செய்வது வெள்ளித் தாளுக்கு அடியிலிருக்கும் ஃபோமின் தடிமன் மட்டுமே.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக். 1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்குச் சென்ற ஜார்ஜ் ஃபிஞ்ச் என்ற வேதியியலாளர், பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் மென்தூவிகளை அடைத்துத் தைத்த மேலங்கி ஒன்றை அணிந்து போனார். உறக்கப் பைகளிலும் அடைக்கப்படும் அந்த மென்தூவி இன்றும் எடைக்கு எடை மிகச் சிறந்த காப்பு; சில கிராம் தூவி தன் எடைக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு விரிந்து காற்றைப் பிடித்து வைக்கிறது. ஆனால் நனைந்தால் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், உலரவும் நெடுநேரம் பிடிக்கும். பாலியெஸ்டர் இழை அடைத்த பை எடை கூடியது, சுருட்டினாலும் பருமனாக இருக்கும்; ஆனால் ஓரளவு ஈரத்திலும் உப்பலை இழக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பனிமூட்டத்துக்கும் சாரலுக்கும், புதியவரின் பணப்பைக்கும் பாலியெஸ்டரே பொருத்தம் என்பது என் கருத்து.

பையின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி சோதித்த பைகளில், வெப்பமூட்டிய பொம்மை ஒன்றைப் பைக்குள் கிடத்தி அளந்த எண்களைத் தனித்தனியே குறிப்பிடுவார்கள். முதல் எண், தளர்வாகப் படுத்து இயல்பாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, உடலைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைக் கடத்தக்கூடிய எல்லை. மூன்றாவது, உறக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் உயிர் பிழைப்பதற்கான கடைசி எல்லை. மலிவான பைகளில் பெரிய எழுத்தில் காணப்படும் எண் பெரும்பாலும் முதலாவதாக இருப்பதில்லை. அந்தப் பொம்மையும் வெறுந்தரையில் கிடத்தப்படுவதில்லை, அதற்கு அடியில் ஒரு விரிப்பு உண்டு. ஆகவே நல்ல விரிப்பு இல்லாதவருக்கு அந்த எண்கள் எதுவுமே பொருந்தாது. ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் பையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விரிப்பை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

அப்படியானால் கூடாரம் எதற்கு? காற்றையும் மழையையும் தடுப்பது அதன் முதல் வேலை. அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையும் உண்டு. மேகமற்ற இரவில் புல், மண், இலை ஆகிய எல்லாம் தம் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. உதகையில் வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் அதன் பக்கத்திலுள்ள தலைக்குந்தாவின் புல்வெளி வெண்மையாக உறைபனி பூத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் பனித்துளியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நான்கு குச்சிகளை நட்டு, புல்லுக்கு ஆறு அங்குலம் மேலே ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்துக் கட்டி, அதன் அடியிலிருந்த புல் திறந்தவெளிப் புல்லைவிடச் சூடாக இருப்பதை அவர் அளந்து காட்டினார். தோட்டக்காரர்கள் மெல்லிய பாயால் செடிகளை மூடுவதைக் கண்டு அரைகுறை அறிவின் செருக்கில் தாம் சிரித்ததுண்டு என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். நீலகிரியின் சிறு விவசாயிகள் மார்கழி, தை மாதங்களில் தேயிலைச் செடிகளைத் தழை போட்டு மூடுவதும் அந்தத் தோட்டக்காரர்கள் செய்ததும் ஒன்றே. கூடாரத்தின் மேல்துணி நமக்கும் வானத்துக்கும் இடையில் அந்தக் கைக்குட்டையைப் போல நிற்கிறது.

ஆனால் அந்த மேல்துணி தானும் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் அதன் உட்புறம் நீர் கோத்துக்கொள்கிறது. புதியவர்கள் இதைப் பார்த்துக் கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. உறங்கும் ஒருவர் மூச்சு வழியாக மட்டும் ஓர் இரவில் சுமார் 100 கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். தோல் வழியாகவும் ஏறக்குறைய அதே அளவு வெளியேறுகிறது. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 9.4 கிராம் மட்டுமே. இருவர் படுக்கும் கூடாரத்தின் கொள்ளளவு 2 கன மீட்டர் என்று கொண்டால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து 19 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்ச நீர் காற்றோட்டத்தின் வழியாக வெளியேற வேண்டும், இல்லையென்றால் துணியில் படிய வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்புகளையும் இழுத்து மூடுகிறவர், காலையில் நனைந்த பையோடு எழுவது இதனால்தான். மேலே உள்ள காற்றுத் துளையையும் கதவின் மேல்பகுதியில் நான்கு விரல் இடைவெளியையும் திறந்து வைப்பதால் உள்ளே ஓரிரு டிகிரி குறையலாம். பை உலர்ந்திருப்பதால் கிடைக்கும் கதகதப்பு அதைவிடப் பெரிது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காசே தேவையில்லை. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளில் நீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஓடைக்கரையின் சமதளப் புல்வெளி படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்த வட்டாரத்திலேயே குளிர் மிகுந்த இடமும் அதுவாகத்தான் இருக்கும். சரிவில் சற்று மேலே, காற்று நேராக அறையாத ஒரு மேடைத் தளம் கிடைத்தால் சில டிகிரி வித்தியாசம் தெரியும். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம் என்பதால், அனுமதி பெற்ற தோட்ட நிலங்களில் இந்தத் தேர்வைச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் குளிர்ந்தால், ஒரு லிட்டர் வெந்நீர் உதவும். 80 டிகிரி நீர் 30 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 2 லட்சம் ஜூல் வெப்பத்தை விடுகிறது. எட்டு மணி நேரத்துக்குப் பரப்பினால் அது 7 வாட். சூட்டைத் தாங்கும் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, காலுறைக்குள் திணித்துத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் நள்ளிரவு வரைக்குமாவது இதமாக இருக்கும். கரி அடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அணையப்போகும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு சேர்ந்துகொள்வதால், உறங்குகிறவர் விழிக்காமலே இறந்துபோகிறார்.

நடந்து வியர்த்த பருத்திச் சட்டையோடு பைக்குள் நுழைவதும் தவறு. பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. உலர்ந்த மாற்றுடை ஒன்றை உறக்கத்துக்கென்றே தனியாகக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு இரவுகள் தங்குவதாக இருந்தால், காலையில் வெயில் ஏறியதும் பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஏதேனும் ஒரு கொடியில் தொங்கவிடுங்கள். முதல் இரவில் அது உறிஞ்சிய ஈரம் வெளியேற ஒரு மணி நேர வெயில் தேவைப்படும். சமையலை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.