கொணவட்டத்தின் கொம்பு

வேலூர்ப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் பிரித்தால் "வடஆற்காடு ஜில்லா" என்று இருக்கும். அந்த மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து தனியாகப் போயின. பத்திரம் மாறவில்லை. அதைப் படிக்கிறவர்தான் எல்லாப் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மென்பொருளிலும் இப்படிப் பழையதைப் படிப்பதற்கென்றே எழுதி வைத்த நிரல் உண்டு. சத்துவாச்சாரியில் நாங்கள் பராமரிக்கும் கடைக் கணக்கு மென்பொருளில், யூனிகோடு (இன்று எல்லாக் கணினிகளும் எழுத்தைச் சேமிக்கும் பொது முறை) வருவதற்கு முந்தைய கோப்புகளைத் திறக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. 'கொணவட்டம்' என்ற ஊர்ப்பெயர் என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில், அதன் பின் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் வைப்பது திரையில் வரையும்போது நடக்கும். ஆகவே எங்கள் நிரல் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து, அடுத்த எழுத்துக்குப் பின்னால் நகர்த்தி, காலோடு சேர்க்கிறது. இதைவிடச் சிக்கலானது ஔகாரம். 'கௌரி'யின் ஔகாரக் குறிக்கும் 'வெளியூர்' என்பதில் வரும் ளகரத்துக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்திய எழுத்துருக்கள் உண்டு. அதற்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்துத்தான் நிரல் முடிவு செய்கிறது. இதை எழுதியவர் தமிழை நன்றாகக் கவனித்தவர்.

சரி, அருமையான நிரல்தான், இருந்துவிட்டுப் போகட்டுமே? அதற்கு விலை உண்டு. இப்படி ஆம், இல்லை என்று பிரியும், ஒன்றையொன்று சாராத ஐந்து நிபந்தனைகள் இருந்தால் நிரல் ஓடக்கூடிய வழிகள் 32. ஆறாவது சேர்ந்தால் 64. புதிதாக எதைச் சேர்த்தாலும் அத்தனையையும் சோதிக்க வேண்டும்.

யாராவது பயன்படுத்துகிறார்களா என்று அறிய அந்தப் பகுதிக்குள் ஓர் எண்ணியை வைத்தோம். நிரல் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒன்று கூடும். மூன்று மாதம் பூஜ்யம். நீக்கத் தயாரானோம். ஏப்ரலில் குடியாத்தத்தில் ஒரு நூல் கடைக்காரர், பாகப்பிரிவினைக்காக 2003-ஆம் ஆண்டுக் கணக்கைத் திறந்தார். எண்ணி ஒன்றானது.

எங்கள் தவறு எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணி ஓடுகிற நிரலை மட்டும்தான் பார்க்கும். பீரோவில் சிடியில் கிடக்கும் கோப்பை அது எண்ணாது. ஒரு நிரல் இன்னொரு நிரலைப் பழைய முறையில் அழைத்தால், அழைப்பவரிடம் சொல்லி மாற்ற வைக்கலாம். சேமித்த கோப்பிடம் சொல்ல முடியாது.

பைத்தான் என்ற நிரல்மொழி இதே சிக்கலைச் சந்தித்தது. பழைய இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகாத மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது. பழைய நிரலை மாற்றித் தரத் தனிக் கருவியும் கொடுத்தார்கள். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல்தான்.

நாங்களும் அந்த வழியைத்தான் எடுத்தோம். கொம்பை நகர்த்தும் பகுதியை முதன்மை மென்பொருளிலிருந்து பிரித்துத் தனி மாற்றியாக்கினோம். பழைய கோப்பு ஒரே ஒருமுறை அதன் வழியாகப் போனால் போதும். மூலக் கோப்பை அது தொடாது. குடியாத்தத்துக் கணக்கைத்தான் முதலில் அதில் போட்டோம். 'கொணவட்டம்' சரியாக வந்தது. 'கௌரி'யும் வந்தது.