டயபர் மாற்றுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்

பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் வரும்போதே கையில் ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும். எங்கே சிசிடிவி, எங்கே பெரிய விளையாட்டுத் திடல், எங்கே இரண்டு வயதிலேயே எழுதச் சொல்லித் தருகிறார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அங்கே டயபர் எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்பேன். சிரிப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குழந்தை வளர்ச்சி ஆலோசகராகக் காப்பகங்களுக்குப் போய்வருவது இப்போது என் வேலை. அதற்கு முன் சில ஆண்டுகள் கைக்குழந்தைகள் அறையில் நானே பராமரிப்பாளராக இருந்தேன். எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது டயபர் மாற்றும் மேசையைத்தான்.

ஒரே காப்பகத்தில், ஒரே மேசையில், ஒரே நாள் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் பராமரிப்பாளர் தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பின்னாலிருந்து சட்டென்று தூக்கினார். தோழியோடு பேசிக்கொண்டே துடைத்தார், மாற்றினார், திரும்ப இறக்கிவிட்டார். ஒன்றரை நிமிடம். கையுறை, கை கழுவியது, மேசையைத் துடைத்தது என்று சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை. சோதனைக்கு வரும் அதிகாரி முழு மதிப்பெண் போட்டுவிடுவார். குழந்தை மட்டும் அத்தனை நேரமும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் பத்து மாதக் குழந்தையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். "டயபர் மாத்தலாமா? வர்றியா?" என்று இரண்டு கைகளையும் நீட்டிவிட்டுக் காத்திருந்தார். குழந்தை கையிலிருந்த கட்டையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, கட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கியது. மேசையில் கிடத்தியதும், "இப்போ காலைத் தூக்கப் போறேன்... சில்லுன்னு இருக்கா?" என்றார். "ம்ம்ம்ம்ஆ" என்றது குழந்தை. அவரும் அதே சுருதியில் "ம்ம்ம்ம்ஆ" என்றார். அது கால்களை உதைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னது. மொத்தம் நான்கு நிமிடம் ஆனது.

பேச்சு முளைப்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். குழந்தை ஒரு சத்தத்தையோ பார்வையையோ வீசுகிறது, பெரியவர் அதைப் பிடித்துத் திருப்பித் தருகிறார். மூன்று வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. எந்த இணைப்புகள் வலுப்படும் என்பதில் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும் சின்னப் பரிமாற்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காப்பகத்தில் நாளைக்கு ஐந்து முறை டயபர் மாற்றினால் ஆண்டுக்கு 1,000 முறையைத் தாண்டும். இத்தனை தடவை ஒரு பெரியவரோடு தனியாக முகம் பார்த்திருக்கும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்கு வேறெந்த 'வகுப்பில்' கிடைக்கும்?

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ஹங்கேரியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946இல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கியபோது இதையே அடிப்படையாக வைத்தார்: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது ஆகிய நேரங்களில் அவசரமே கூடாது, குழந்தையிடம் சொல்லாமல் அதன் உடலைத் தொடக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மற்றவர் பிள்ளைக்கு டயபர் மாற்றும் இடத்துக்குள் உங்களை விடமாட்டோம் என்று காப்பகத்தில் சொன்னால் கோபப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான் நடக்கும். கரண்டி வாய்க்குள் திணிக்கப்படுகிறதா, வாய் திறக்கும்வரை காத்திருக்கிறதா?

காத்திருப்பதற்கு ஆள் வேண்டும். பரிவான பராமரிப்பாளரிடம் எட்டுக் கைக்குழந்தைகளை விட்டால் அவரும் ஒன்றரை நிமிடக்காரராகத்தான் மாறுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது விதி. உங்கள் நாட்டு விதி என்னவாக இருந்தாலும், அலுவலக அறையில் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிர்வாகியையும் சமையல் செய்பவரையும் சேர்த்து வகுத்த கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "மதியம் ஒரு மணிக்கு, ஊழியர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும்போது, இந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, "என் குழந்தைக்குப் பொறுப்பு யார்? அவர் இங்கே எத்தனை நாளாக இருக்கிறார்?" என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகம் மாறும் அறையில் குழந்தை யாரோடு ஒட்டும்?

இந்த ஒட்டுதல் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளை அழாமலிருக்க, "அது பொம்மையைப் பார்க்கும்போது நைசா கிளம்பிடுங்க" என்று அம்மாக்களுக்குச் சொல்வேன். என் கண்ணுக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஒன்றே கால் வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது வாரத்தில் பொம்மைகளின் பக்கமே திரும்புவதை விட்டுவிட்டான். அம்மாவின் துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டு கதவையே பார்ப்பான். திரும்பினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். பிரிவு அச்சம் எட்டு மாதம்போல் தொடங்கி ஒன்றரை வயதுவரை உச்சத்தில் இருக்கும் இயல்பான வளர்ச்சிக் கட்டம். சொல்லிவிட்டுப் போனால் அழும்தான், அழட்டும், யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும். முதல் சில நாள் பெற்றோர் கூடவே இருந்து, அரை மணி, ஒரு மணி என்று பிரிவைக் கூட்டிப் பழக்க அனுமதிக்காத காப்பகத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு வயதில் எழுத்துப் பயிற்சி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே எலும்பே தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. பெரியவர்களுக்கு இருக்கும் 8 மணிக்கட்டு எலும்புகளில் ஒரு வயதுக்குள் இரண்டுதான் தெரியத் தொடங்கும், எட்டும் தெரியவர பள்ளிப் பருவம் வந்துவிடும். அந்தக் கைக்கு இப்போது தேவை பிசைய மாவு, ஊற்ற தண்ணீர், அடுக்கக் கட்டை. புள்ளிகளைச் சேர்த்த 'அ' வீட்டுக்கு வந்தால், அதில் பாதி டீச்சர் கை பிடித்துப் போட்டதாக இருக்கும்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காத சில உண்டு. கைக்குழந்தையை மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், படுக்கையில் தலையணையோ பொம்மையோ கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும், முழுக் கடலைக்கு இடமே இல்லை. நீர் நிறைந்த வாளி எங்கேயும் நிற்கக் கூடாது. டிவி ஓடிக்கொண்டிருந்தால் யாருக்காக என்று கேளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டல்.

சேர்த்த பிறகும் ஒன்று செய்யலாம். மாலையில் அழைக்கப் போகும்போது "சாப்பிட்டாளா, தூங்கினாளா" என்பதோடு, "இன்னைக்கு எதுக்குச் சிரிச்சா?" என்றும் கேட்டுப் பாருங்கள். நான் கூட்டிப்போன ஒரு தாய் இதைக் கேட்டபோது, பராமரிப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரண்ட் போச்சு, ஃபேன் மெதுவா நின்னுச்சு. அதுக்கு டாட்டா காட்டிட்டு ஒரே சிரிப்பு. திரும்ப ஓடினதும் கோவம்" என்றார். வேறோர் இடத்தில் இதே கேள்விக்கு வந்த பதில்: "எல்லாரும் ஜாலியா இருந்தாங்க மேடம்."