வாக்குத்தத்த அட்டையில் அச்சாகாத வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான தேவ வாக்காக எடுக்கப்படும் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 பெரும்பாலும் இடம்பெறும். 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற அந்த வசனத்தை, ஆயராக நானும் எத்தனையோ வீடுகளில் வாசித்து ஜெபித்திருக்கிறேன். ஆனால், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத ஜனங்கள் அங்கே 70 வருஷம் நிறைவேறிய பின்பே திரும்பிவருவார்கள் என்று சொல்லும் 10-ஆம் வசனம் அந்த அட்டையில் அச்சாவதில்லை. முந்தின அதிகாரத்தில், சிறைப்பட்டுப் போனவர்கள் இரண்டே ஆண்டுகளில் திரும்புவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்திலேயே அறிவிக்கிறான். அவர்கள் திரும்புவார்கள் என்பது மெய். நெடிய காத்திருப்பை வெட்டிவிட்டு அதைச் சொன்னதால்தான், 'இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய்' என்று எரேமியா அவனைக் கடிந்துகொண்டார்.

இப்படி வெட்டப்பட்ட சுவிசேஷத்தின் விளைவை நோயாளிகளின் வீடுகளில்தான் அதிகம் காண்கிறேன். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த ஒரு தாயார் இன்சுலினை நிறுத்திவிட்டிருந்தார். மருந்துக் குப்பிகள் ஃபிரிட்ஜ் கதவில் அப்படியே இருந்தன, கால்விரலிலோ புண் கறுத்துக் கிடந்தது. "ஊசி போட்டா அவிசுவாசமாம் ஐயா" என்றார். புண்ணைவிட, தம் விசுவாசம்தான் குறைவுபட்டது என்ற குற்ற உணர்வே அவரை அதிகமாக வாட்டியது.

'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்ற ஏசாயா 53:5, நம்முடைய மீறுதல்களையும் அக்கிரமங்களையும் சொல்லித்தான் தொடங்குகிறது. பேதுருவும் அதைப் பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதோடு இணைத்தே எழுதுகிறார். ஏசாயாவில் அதற்கு முந்தின வசனத்தை மத்தேயு இயேசு செய்த சுகமளிப்புகளுக்குப் பொருத்துவதால், சரீர சுகத்துக்காக ஜெபிப்பதை எவரும் விட்டுவிட வேண்டியதில்லை, நானும் விடுவதில்லை. ஆயினும், சரீர மீட்புக்காக இன்னும் காத்திருந்து தவிக்கிறோம் என்று ரோமர் 8:23 சொல்கிறதே, அதை மறைத்துவிட்டுச் சுகத்தை மட்டும் வாக்களிக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைக்கவில்லை என்று பவுல் எபேசு சபையின் மூப்பர்களிடம் சொன்னது மிலேத்து பட்டணத்தில். அதே மிலேத்துவில்தான் தம் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை.

மருந்தை நிறுத்தும்படி யார் சொன்னாலும், எந்த மேடையிலிருந்து சொன்னாலும், முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சொன்னவரிடம், அவர் காட்டிய வசனம் உள்ள அதிகாரம் முழுவதையும் உங்களோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.