பயணத்தில் பந்தயக் கணக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

நியூயார்க்கின் மன்ஹாட்டனையும் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியையும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் இணைக்கிறது. கீழே ஓடும் ஹட்சன் ஆற்றின் நடுவில்தான் இரு மாநிலங்களின் எல்லை. 2018 முதல் சில ஆண்டுகள் இந்தப் பாலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நியூயார்க்காரர்கள் சைக்கிளில் பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சிப் பக்கம் வந்து நிற்பார்கள். செல்பேசியை எடுத்து ஒரு ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவார்கள். வந்த வழியே திரும்பிப் போவார்கள். அதே ஆள், அதே செல்பேசி, அதே செயலிதான். ஆற்றின் ஒரு கரையில் மறுத்த செயலி மறுகரையில் ஏற்றுக்கொண்டது. 2022 ஜனவரி 8 அன்று நியூயார்க்கிலும் செல்பேசிப் பந்தயம் சட்டப்படி தொடங்கியதும் இந்தப் பயணத்துக்குத் தேவை இல்லாமல் போனது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் சட்டம். விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவைத்திருந்த 1992ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று ரத்து செய்தது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி முடிவெடுத்தது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டிக் கம்பி வழியே பந்தயம் அனுப்பக் கூடாது என்கிற 1961ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆகவே, பந்தயம் கட்டும் அந்த நொடியில் ஆள் மாநிலத்துக்கு உள்ளேதான் இருக்கிறார் என்பதை நிறுவனம் உறுதி செய்தாக வேண்டும். தவறினால் உரிமத்துக்கே ஆபத்து. ஐயம் வந்தால் நிறுவனம் எப்போதும் மறுக்கும் பக்கமே சாய்வதற்குக் காரணம் இதுதான்.

பயணம் போனவர்கள் "என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, இருக்கும் இடம் சரியில்லை என்று அந்தப் பந்தயத்தை மட்டும் மறுப்பது. கணக்குக்கு எதுவும் ஆகாது. ஊர் திரும்பினால் பழையபடி வேலை செய்யும். இன்னொன்று, கணக்கையே முடக்கி, அடையாளச் சான்று கேட்பது. இது வெறும் இடத்தைப் பார்த்து வருவதில்லை. செல்பேசி சொல்லும் தகவல்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது வருகிறது. அந்த முரண்பாடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துவிட்டால், எந்தத் தப்பும் செய்யாத பயணி மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எளிது.

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜிபிஎஸ். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துச் செல்பேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். வெட்டவெளியில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் சமிக்ஞை மிகவும் பலவீனமானது, கான்கிரீட் கூரையைத் தாண்டி வராது. ஓட்டல் அறையில், விமான நிலையத்துக்குள், சுரங்க ரயிலில் ஜிபிஎஸ் கிட்டத்தட்ட ஊமை. போதாததற்கு, செயலிக்கு ஜிபிஎஸ் தகவல் நேராகக் கிடைப்பதில்லை. செல்பேசியின் இயங்குதளம் சொல்வதைத்தான் அது கேட்டுக்கொள்கிறது. இயங்குதளத்தை ஏமாற்றும் போலி இருப்பிடச் செயலிகள் இருக்கின்றன என்பது பந்தய நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஜிபிஎஸ் சொல்வதை மட்டும் வைத்து அவை முடிவெடுப்பதில்லை.

உண்மையில் அதிக வேலை செய்வது வைஃபை. நாம் எந்த வைஃபையிலும் சேர வேண்டியதில்லை, செல்பேசியில் அது இயங்கிக்கொண்டிருந்தால் போதும். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கே உரிய 48 பிட் எண் ஒன்றை நொடிக்குச் சுமார் பத்து முறை காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் உட்கார்ந்து வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மாடி வீடு, கீழே இருக்கும் கடை என்று பத்துப் பதினைந்து பெயர்கள் வரும் அல்லவா, அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் எண்கள்தான் இவை. எந்த எண் எந்த இடத்தில் கேட்கிறது என்ற பிரம்மாண்டமான பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை சாலையில் போகும் கோடிக்கணக்கான செல்பேசிகள். இப்படிச் சுற்றிலும் கேட்கும் எண்களையும் அவற்றின் வலுவையும் வைத்து, வானமே தெரியாத அறைக்குள்ளும் சில பத்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிட முடிகிறது. இதைப் போலியாக உருவாக்குவதும் சுலபமல்ல, ஏனென்றால் ஒரு தெருவின் எல்லா ரவுட்டர்களையும் சேர்த்துப் போலி செய்தாக வேண்டும்.

பயணிக்கு இதில் சில சிக்கல்கள் உண்டு. வீடு மாறும்போது ரவுட்டரையும் தூக்கிக்கொண்டு போகிறோம். பட்டியல் புதுப்பிக்கப்படும் வரை அந்த ரவுட்டர் பழைய ஊரில் இருப்பதாகவே கணக்கு. பயணத்துக்கென்று கையடக்க ரவுட்டர் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதிதான். ஜிபிஎஸ் பென்சில்வேனியாவின் பிலடெல்பியா என்று சொல்ல, வைஃபை நியூ ஜெர்சியின் நியூவார்க் என்று சொல்லும். மடிக்கணினிக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜிபிஎஸ் கிடையாது. அதனால் பந்தயத் தளம் ஒரு சிறு நிரலை நிறுவச் சொல்லி, அதன் வழியாகச் சுற்றியுள்ள வைஃபை எண்களைப் படிக்கிறது. ஓட்டல் மேசையில் கம்பி இணையத்தைச் செருகிக்கொண்டு வைஃபையை அணைத்து வைத்தால், எண்களைப் படிக்க வழியில்லாமல் "இருப்பிடத்தை உறுதி செய்ய முடியவில்லை" என்று வந்துவிடும். ஏன் முடியவில்லை என்று அந்தச் செய்தி பல நேரம் தெளிவாகச் சொல்வதில்லை. ஏமாற்றுக்காரர்களுக்குத் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்று இதற்கு நியாயம் சொல்லலாம். நேர்மையான வாடிக்கையாளரை இருட்டில் தடவ விடுவதற்கு அது போதுமான நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. "வைஃபையை இயக்குங்கள்" என்று ஒரு வரி சொன்னால் யாருக்கும் எந்த ரகசியமும் கசியப்போவதில்லை.

அடுத்தது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண். இதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். ஐபி முகவரிக்குள் ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. எந்த எண்வரிசை எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது, அது எங்கே பயன்படுகிறது என்று சில நிறுவனங்கள் திரட்டி விற்கும் அட்டவணைகள்தான் ஊரைச் சொல்கின்றன. அந்த அட்டவணை எவ்வளவு தடுமாறும் என்பதற்குக் கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றே போதும். இந்தத் துறையின் பெரிய நிறுவனமான மேக்ஸ்மைண்ட், "அமெரிக்காவில் எங்கோ" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி போட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த பண்ணையின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. இணைய மோசடிக்காரர்களைத் தேடி காவலர்களும், ஏமாந்துபோனவர்களும் பல ஆண்டுகள் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2016இல் இது செய்தியான பிறகுதான் அந்தப் புள்ளியை ஒரு ஏரியின் நடுவுக்கு மாற்றினார்கள்.

ரோமிங் இன்னொரு விதத்தில் குழப்பும். இந்திய சிம்மோடு அமெரிக்கா போகிறவரின் செல்பேசி அங்குள்ள கோபுரத்தோடுதான் பேசுகிறது. ஆனால் வழக்கமான ரோமிங் ஏற்பாட்டில் இணையப் போக்குவரத்து அங்கேயே வெளியேறுவதில்லை. தாய் நிறுவனத்தின் வலையமைப்பு வரை கடல் தாண்டி வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. அதனால் ஐபி முகவரி இந்தியா என்கும், ஜிபிஎஸ் நியூ ஜெர்சி என்கும். அமெரிக்க சிம்மோடு வெளிநாடு போகிறவருக்கு இதுவே தலைகீழாக நடக்கும். இணையப் போக்குவரத்தை வேறொரு இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன், அலுவலக மடிக்கணினியில் ஓடினாலும் இப்படித்தான். நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் போக்குவரத்து டெக்சாஸில் இருக்கும் அலுவலகம் வழியாக வெளியே போகும். அந்தக் கணினியில் பந்தயத் தளத்தைத் திறந்தால், எதையும் மறைக்க நினைக்காமலே ஒளிந்துகொள்கிறவர்போலத் தெரிவார்.

செல்பேசிக் கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று இலக்க எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310 முதல் 316 வரை. எந்த நாட்டுக் கோபுரத்தோடு செல்பேசி பேசுகிறது என்பதை அது காட்டிவிடும். துல்லியத்தில் வைஃபைக்குக் கிட்டே வராது.

சரி, இவை எல்லாவற்றையும் சேர்த்து எப்படி முடிவெடுக்கிறார்கள்? அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரும்பாலும் பந்தய நிறுவனங்கள் தாங்களே செய்வதில்லை. கனடாவின் வான்கூவரில் 2011இல் தொடங்கப்பட்ட ஜியோகம்ப்ளை போன்ற தனி நிறுவனங்களிடம் விட்டுவிடுகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, செல்பேசி சொல்லும் இருப்பிடம் ஒரு புள்ளி அல்ல, ஒரு வட்டம். "இந்த இடத்திலிருந்து 40 மீட்டருக்குள் எங்கோ" என்றுதான் செல்பேசிக்குத் தெரியும். அந்த வட்டம் முழுவதும் மாநிலத்துக்குள் அடங்கியிருந்தால் சிக்கல் இல்லை. அதன் ஓரம் எல்லைக் கோட்டைத் தொட்டால் ஐயம் வந்துவிடும். நியூ ஜெர்சியில் 2013 நவம்பரில் இணைய சூதாட்டம் தொடங்கிய காலத்தில், எல்லையோரம் வசித்த மாநில மக்கள் பலர் தங்கள் வீட்டிலேயே மறுக்கப்பட்டது இதனால்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மன்ஹாட்டன் கோபுரத்தோடு செல்பேசி பேசினாலே போதும், வட்டம் பெரிதாகி எல்லையைத் தாண்டிவிடும்.

ஒருமுறை பார்த்ததோடும் விடுவதில்லை. ஓடும் வண்டியில் எல்லையைக் கடக்கலாம் அல்லவா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பயணி மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீட்டர் வேகத்தில் எல்லையை நோக்கிப் போவதாகவே வைத்துக்கொண்டு, அடுத்த சோதனையின் நேரத்தைக் குறிக்கிறார்கள். எல்லை 35 மைல் தள்ளி இருந்தால் அரை மணி நேரம் பொறுக்கலாம். ஏழு மைல்தான் என்றால் ஆறு நிமிடத்தில் மறுபடி பார்த்தாக வேண்டும். பின்னோக்கியும் இதே கணக்கைப் போடுவார்கள். காலை எட்டு மணிக்கு நியூவார்க்கில் நுழைந்த கணக்கு ஒன்பது மணிக்கு லாஸ் வேகாஸிலிருந்து நுழைந்தால், எந்த விமானத்தாலும் முடியாத வேகம் அது. ஒன்று, இருப்பிடம் பொய். அல்லது இரண்டு பேர் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே முடக்கத்துக்குப் போதுமான காரணம்.

அதனால் விபிஎன் போட்டு ஊரிலேயே இருப்பதாகக் காட்டிக்கொள்வது பயன் தராது என்பதோடு, நிலைமையைக் கெடுக்கவும் செய்யும். அது மாற்றுவது ஐபி முகவரி ஒன்றை மட்டுமே, சுற்றியுள்ள ரவுட்டர்கள் மாறுவதில்லை. விபிஎன் நிறுவனங்களின் முகவரிகளும் அட்டவணையில் அப்படியே குறிக்கப்பட்டிருக்கின்றன. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஓடுகிறதா என்றும் சோதனை நிரல் பார்க்கிறது. வெறும் மறுப்போடு போயிருக்க வேண்டிய ஒன்று மோசடி விசாரணையாகி, கணக்கில் இருந்த பணமும் மாட்டிக்கொள்ளும். இந்த வேலி இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஒரு மாநிலத்து மக்கள் வேண்டாம் என்று முடிவெடுத்ததை ஒரு செயலி பின்வாசல் வழியாகக் கொண்டுவர விடக் கூடாது. கலிபோர்னியாவில் 2022 நவம்பரில் பந்தயத்துக்கு ஆதரவான இரண்டு முன்மொழிவுகளையும் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். அங்கே போன நியூ ஜெர்சிக்காரருக்குச் செயலி மறுப்பது கோளாறு அல்ல. இந்தியாவுக்கு விடுமுறையில் வருகிறவருக்கும் அப்படித்தான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது.

ஆனால் அனுமதி உள்ள ஒரு மாநிலத்திலிருந்து அனுமதி உள்ள இன்னொரு மாநிலத்துக்குப் போனவர் காரணமில்லாமல் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கலாம். விபிஎன்னை, அலுவலகத்துடையதையும் சேர்த்து, அணைத்துவிட வேண்டும். ஓட்டல் வைஃபை வேண்டாம் என்றாலும் செல்பேசியின் வைஃபை இயக்கத்தில் இருக்கட்டும். ஐபோனில் 2020 முதல் "தோராயமான இருப்பிடம்" மட்டும் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. அது கிலோமீட்டர் கணக்கில் அகலமான வட்டத்தைத்தான் தரும், ஆகவே அந்த ஒரு செயலிக்காவது துல்லியமான இருப்பிடத்தை அனுமதிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் அதே கணக்கில் நுழையக் கூடாது. பலர் மறந்துவிடும் இன்னொன்று, சரிபார்ப்புக் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குத்தான் வரும். விமானம் இறங்கியதும் சிம்மைக் கழற்றிவிட்டு, குறுஞ்செய்தி வராமல், தவறான எண்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கைப் பூட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அங்கே இருப்பிடத்துக்கும் பூட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் முடக்கம் வந்தால், அடையாள அட்டையும் பயணச் சீட்டும் கையில் இருந்தால் விளக்குவது சுலபம். புதிய கணக்கு ஒன்றைத் திறந்து பார்க்கலாம் என்று மட்டும் போகக் கூடாது, ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு என்பது தனிக் குற்றச்சாட்டாகிவிடும். அவசரப்படவும் தேவையில்லை. மாநிலத்துக்குள் இருந்தபோது கட்டிய பந்தயம், ஆள் எல்லை தாண்டியதால் செல்லாமல் போவதில்லை. ஆட்டம் முடிந்ததும் வென்ற தொகை கணக்கில் சேரும். இருப்பிடச் சோதனை பந்தயம் கட்டுவதற்குத்தான். இருக்கும் தொகையைப் பார்க்கவும் வங்கிக்கு எடுக்கவும் பெரும்பாலான அமெரிக்கச் செயலிகள் வேறு மாநிலத்திலிருந்தும் அனுமதிக்கின்றன.