பழைய மில்லிங் மெஷினுக்குப் பெயிண்ட் கடைசியில் அடிக்கலாம்

பெங்களூரு பீன்யாவில் இருபது வருடத்துக்கும் மேலாகப் பழைய மெஷின்களைப் பிரித்துப் பூட்டும் வேலை செய்கிறேன். சென்ற வருடக் கடைசியில், காமாட்சிபாளையாவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். “அண்ணா, ஹெச்.எம்.டி. எஃப்.என்.2 மில்லிங் மெஷின் ஒண்ணு விலைக்கு வருது. பெயிண்ட் எல்லாம் அடிச்சுப் புதுசு மாதிரி இருக்கு. அட்வான்ஸ் கொடுத்திடவா?” என்றார். புதுசு மாதிரி இருக்கிறது என்று கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. “கொடுக்காதீங்க தம்பி, நான் வந்து பார்க்கிறேன்” என்றேன்.

1953-இல் தொடங்கி ஜாலஹள்ளியில் வளர்ந்த ஹெச்.எம்.டி. கம்பெனியின் மெஷின்கள் இன்றும் இந்த ஊரில் சந்துக்குச் சந்து ஓடுகின்றன. கெட்டியான வார்ப்பிரும்பு உடம்பு. முறையாகச் சரி செய்தால் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். அப்படிப்பட்ட மெஷினுக்கு மேலே மட்டும் பூசி விற்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதை ஓட்டப்போவது பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்.

மில்லிங் மெஷினில் பல் வைத்த கட்டர் சுற்றும், செதுக்க வேண்டிய துண்டை (ஜாப்) தாங்கிய டேபிள் அதனிடம் நகரும். வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, டேபிளின் கைச்சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது. வருடக்கணக்காக வேலை நடந்தது டேபிளின் நடுப்பகுதியில்தான். டேபிள் வழுக்கி நகரும் ஸ்லைடும், அதை நகர்த்தும் மரைத்தண்டான லீட் ஸ்க்ரூவும் அங்கேதான் தேய்ந்திருக்கும், ஓரங்கள் அப்படியே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்படி ஜிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரி செய்யும் பட்டையை) இறுக்கினால் ஓரத்தில் டேபிள் சிக்கும். ஓரத்தில் சிக்காதபடி தளர்த்தினால் நடுவில் ஆடும். அப்புறம் டேபிளில் டயலை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவியை) முட்டவைத்து, கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் அசைவதற்குள் எவ்வளவு சுற்றினீர்களோ அதுதான் பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள வெற்று ஆட்டம். தம்பி பார்த்த மெஷினில் ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர், நடுவில் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் இருந்தது.

அந்த 1 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் அவசரம் என்றார்கள் என்பதற்காக, மோட்டாரையும் பேரிங்கையும் மட்டும் சரி செய்து மெஷினைக் கொடுத்துவிட்டேன். ஸ்க்ரூவை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது என் தப்பு. அங்கே பையன் டவுன் கட் முறையில், அதாவது கட்டர் பல் போகும் திசையிலேயே டேபிளை நகர்த்தி ஓட்டினான். அதற்கு எதிரான அப் கட் முறையில் கட்டர் டேபிளை எதிர்த்துத் தள்ளும், ஸ்க்ரூ ஒரே பக்கம் அழுந்தி நிற்கும். டவுன் கட் முறையில் கட்டரே டேபிளைத் தன் பக்கம் இழுக்கும். நட்டில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவும் ஒரே இழுப்பில் உள்ளே போகும். ஒரு பல் 0.1 மில்லிமீட்டர் கடிக்க வேண்டிய இடத்தில் அதைப்போலப் பல மடங்கு கடிக்கும். வைஸிலிருந்து ஜாப் பிடுங்கிக்கொண்டு வந்தது, கட்டரைத் தாங்கும் ஆர்பர் தண்டு வளைந்தது, உடைந்த பல் ஒன்று சுவரில் போய்ப் பதிந்தது. பையன் பிரஷ் எடுக்க அந்தப் பக்கம் நகர்ந்திருந்ததால் தப்பித்தான். அதிலிருந்து பேக்லாஷ் அளக்காமல் எந்த மெஷினையும் நான் கையை விட்டு அனுப்புவதில்லை.

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் டெஸ்ட் மேண்ட்ரல் என்ற சோதனைத் தண்டைப் போட்டு, சுற்றும்போது டயல் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஸ்பிண்டில் மூக்குக்கிட்டே 0.01 மில்லிமீட்டர், 300 மில்லிமீட்டர் தள்ளி 0.02 மில்லிமீட்டர் என்று வந்தால் நல்லது. அதிகமாக வந்தால் உடனே பேரிங்கைக் குறை சொல்லாமல் தண்டு உட்காரும் கூம்புத் துளையை (டேப்பரை) துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு சின்ன இரும்புத் துருவல் மாட்டியிருந்தாலும் முள் ஆடும். இன்னொன்று: மோர்ஸ் டேப்பர் தானாகப் பிடித்துக்கொள்ளும், மில்லிங்கில் வரும் 7/24 சரிவுள்ள டேப்பர் பிடித்துக்கொள்ளாது. பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிராபார் ராடுதான் அதற்கு உயிர். மரை பொருந்தாத ராடை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி ஓட்டுகிறார்கள், அதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

எண்ணெய் விடும் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருக்கும். போதாததற்கு யாராவது அதில் கிரீஸ் வேறு அடித்திருப்பார்கள். செம்புக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி, 68 எண் ஸ்லைடுவே எண்ணெய் கடைசி வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லைடில் துரு இருந்தால் எமரி பேப்பர் போடாதீர்கள். அதன் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து மறுபடி அரைக்கும். தேய்மானம் குறைவு என்றால் மேடான இடத்தைக் காட்டும் புளூ மை தடவி, கையால் ஸ்கிரேப் செய்தே, அதாவது மெல்லச் செதுக்கியே சமன் கொண்டுவரலாம். அதிகம் என்றால் கிரைண்டிங் போட்டுவிட்டு ஸ்கிரேப்பிங். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் உலர்வாகத் தேய்க்காமல் ஈரப்படுத்தி, மாஸ்க் போட்டுச் சுரண்டுங்கள்.

கரன்ட் விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ரப்பர் ஒயர் மடக்கினாலே உதிரும், மொத்தமாக மாற்றிவிடுங்கள். மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டரில்) பார்த்து 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் இணைக்க வேண்டாம். தம்பி பார்த்த மெஷினில் கையால் திருப்பும் சுவிட்சிலிருந்து நேராக மோட்டாருக்கு 415 வோல்ட் போனது. கரன்ட் போகும்போது பையன் சுவிட்சை அணைக்க மறந்து, கட்டரில் சுற்றிய துருவலை எடுக்கக் கை வைப்பான். கரன்ட் திரும்பி வந்தால் கட்டர் தானாகச் சுற்றும். புஷ் பட்டனோடு கான்டாக்டர் (கரன்ட் போனதும் தானாக விட்டுவிடும் சுவிட்ச்) வைத்துவிட்டால், மறுபடி அழுத்தினால்தான் ஓடும். கூடவே மோட்டாரைக் காக்க ஓவர்லோட் ரிலே, சிங்கிள் பேஸ் பிரிவென்டர், சரியான எர்த் எல்லாம் வேண்டும். எமர்ஜென்சி பட்டனை மெஷின் தூணின் பின்புறம் மாட்டுகிறார்கள். நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும்படி முன்னால் மாட்டுங்கள். சுழலும் பாகத்துக்கு மறைப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொன்னது, ஆனாலும் ரீகண்டிஷன் ஆகி, அதாவது சரி செய்யப்பட்டு வரும் மெஷின்களில் முதலில் காணாமல் போவது கட்டர் மேல் மூடிதான். சுழலும் கட்டர் பக்கம் கையுறையோடு போகவும் கூடாது.

தம்பி கடைசியில் அதே மெஷினைத்தான் வாங்கினார். ஸ்க்ரூ, நட்டு, ஸ்கிரேப்பிங் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினோம், விற்றவரும் விலையைக் குறைத்தார். வேலை முடிய ஏழு வாரம் ஆனது. முதலில் ஒரு வார்ப்பிரும்புக் கட்டையைப் போட்டு நாலு மூலையும் அளந்தோம், 0.02-க்குள் வந்தது. புதிதாக ஸ்கிரேப் செய்த பரப்பு ஓட ஓடக் கொஞ்சம் படியும் என்பதால், மூன்று மாதம் கழித்து ஜிப்பை இறுக்க மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.