இராமபாணம்: ஏட்டைத் துளைக்கும் பூச்சிக்கு ஒரு பெயர்

பழைய புத்தகம் ஒன்றைத் திறக்கிறோம். முன்னட்டையில் தொடங்கி நூறு பக்கம் தாண்டியும் அதே இடத்தில் ஊசியால் குத்தியதுபோல ஓட்டை. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது ‘புக்வார்ம்’. அதைத் தமிழில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ‘புத்தகப்புழு’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் புத்தகப்புழு என்றால் எந்நேரமும் படித்துக்கொண்டே இருக்கிற ஆள். ஆவணக் காப்பகத்தின் குறிப்பேட்டில் ‘மூன்றாம் அலமாரியில் புத்தகப்புழு காணப்பட்டது’ என்று எழுதினால், யாரோ வாசகர் வீட்டுக்குப் போக மறந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

ஏட்டுச்சுவடியோடு பழகியவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: இராமபாணம். பேச்சில் ராமபாணப் பூச்சி.

பெயர் வந்த வழி இராமாயணம்தான். வாலியை வெல்லும் வலிமை இராமனுக்கு உண்டா என்று சுக்கிரீவனுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க இராமன் ஒரே அம்பால் ஏழு மராமரங்களைத் துளைக்கிறான். கம்பராமாயணத்தில் இதற்கென்றே மராமரப் படலம் என்று ஒரு படலம் இருக்கிறது. இனி ஒரு சுவடிக்கட்டை நினைத்துப் பாருங்கள். ஓலைமேல் ஓலையாக அடுக்கி, இரண்டு பக்கமும் சட்டம் வைத்து, கயிறு கோத்து இறுகக் கட்டியிருக்கும். பூச்சி ஓலை ஓலையாக நின்று மேய்வதில்லை, கட்டையே ஊடுருவிப் போகிறது. அவிழ்த்துப் பார்த்தால் ஓலைக்கு ஓலை துளை. எத்தனை எழுத்து போயிற்றோ, அத்தனையையும் பதிப்பாசிரியர் ஊகத்தால் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் புள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டும். பெயர் வைத்தவர் பூச்சியின் உருவத்தைப் பார்த்து வைக்கவில்லை, அது விட்டுப்போன காயத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்.

பாணம் என்பது வடசொல், அம்பு என்று பொருள். மூன்று சுழி ‘ண’ போட வேண்டும். ‘ராமபானம்’ என்று எழுதினால் ஸ்ரீராம நவமிக்குக் கொடுக்கும் பானகத்தைச் சொல்வதுபோல ஆகிவிடும். குறி தப்பாத மருந்தையும் இராமபாணம் என்பார்கள். ஆயுர்வேதத்தில் ராமபாண ரசம் என்றே ஒரு மருந்து உண்டு. மல்லிகையிலும் ராமபாணம் என்று ஒரு வகை இருக்கிறது. சரி, பூவை விடுவோம்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பெயரால் இரண்டு பூச்சிகளைச் சொல்கிறோம். ஒன்று, புத்தகத்தைத் தூக்கியதும் மினுமினுப்பாக நழுவி ஓடுகிற, இறக்கையில்லாத, வாலில் மூன்று இழை வைத்த பூச்சி. ஆங்கிலத்தில் ‘சில்வர்ஃபிஷ்’, தமிழில் வெள்ளிப்பூச்சி. இதையும் பலர் ராமபாணம் என்கிறார்கள். இன்னொன்று, கண்ணில் அதிகம் படாத ஒரு சிறு பழுப்பு வண்டு. இந்திய நூலகங்களில் இதில் பேர்போனது காஸ்ட்ராலஸ் இண்டிகஸ். வண்டு பெரிய சேதம் செய்வதில்லை, அதன் புழுதான் தாளுக்குள்ளேயே வாழ்ந்து, குடைந்து, தின்று வளர்கிறது. வளர்ந்து வண்டானதும் ஒரு வட்டத் துளை போட்டு வெளியே வரும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1665-இல் ஆங்கில அறிவியலாளர் இராபர்ட் ஹூக் தன் ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் நுண்ணோக்கியில் கண்டதைப் படமாக வரைந்தபோது, அந்த மினுமினுப்புப் பூச்சியைத்தான் வெள்ளிநிறப் புத்தகப்புழு என்று குறித்தார். தாளையும் அட்டையையும் துளைப்பது இதுதான் என்று கருதப்படுவதாகவும் எழுதினார். துளை கண்ணில் படுகிறது, பக்கத்தில் ஓடுகிற பூச்சியும் கண்ணில் படுகிறது. பழி ஓடுகிறவன்மேல் விழுந்துவிட்டது.

அந்தப் பூச்சிக்குத் துளைக்கத் தெரியாது. அதற்கு வேண்டியது மாவுச்சத்து: பைண்டிங் பசை, தாளின் மேல்பூச்சு, லேபிள் ஒட்டிய இடம். மேலாகச் சுரண்டித் தின்னும். தாள் அங்கங்கே மெலிந்து, ஓரம் ஒழுங்கில்லாமல் போகும். பைண்டிங் செய்கிறவர்கள் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பது இப்படிப்பட்ட பூச்சிகளுக்காகத்தான்.

தமிழ் வினைச்சொற்கள் இங்கே கைகொடுக்கின்றன. வெள்ளிப்பூச்சி சுரண்டும், இராமபாணம் துளைக்கும், செல் அரிக்கும். செல் என்பது கறையான். பழைய வடிவம் சிதல், சிதலை. மலையாளத்தில் இன்றும் சிதல், தெலுங்கில் செதலு, கன்னடத்தில் கெத்தலு. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு வறிய அடுக்களையைச் சொல்லும்போது ‘காழ்சோர் முதுசுவர்க் கணச்சிதல் அரித்த’ என்று வருகிறது. அரிக்கிற வினை அப்போதே அதோடு ஒட்டிக்கொண்டாயிற்று. மரத்தை உள்ளே குடைவதற்கு உளுத்தல் என்று தனிச்சொல் வேறு இருக்கிறது. அதைச் செய்யும் பூச்சி உளு. உண்மையில் இராமபாணம் உளுவுக்குத்தான் நெருங்கிய உறவு, வெள்ளிப்பூச்சிக்கு அல்ல.

பெயரில் இவ்வளவு கறார் எதற்கு என்றால், மருந்து மாறுகிறது. வெள்ளிப்பூச்சி குடியிருப்பது சுவர் விரிசலிலும் ஈரத்திலும். புத்தகத்துக்கு அது சாப்பிட மட்டும் வருகிறது. ஆகவே புத்தகத்துக்கு என்ன செய்தாலும் மறுவாரம் திரும்பி வரும். அலமாரியைச் சுவரைவிட்டுத் தள்ளிப்போட வேண்டும், ஒழுகலை அடைக்க வேண்டும், பசைப்பொறி வைத்து எங்கே அதிகம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பகலில் ஏசி போட்டுவிட்டு இரவில் நிறுத்துகிற வழக்கம் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். அறையின் ஈரப்பதம் ஏறி இறங்குவது இதனால்தான்.

இராமபாணம் அப்படியல்ல, புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அலமாரியில் அந்துருண்டை போட்டால் வாடை நமக்குத்தான், புழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் பூச்சியின் வளர்ச்சி மந்தமாகும். சென்னை, கொழும்பு போன்ற ஊர்களில் அந்த ஓய்வும் கிடையாது. முதலில் துளை பழையதா புதியதா என்று தெரிய வேண்டும். புத்தகத்தைக் கறுப்புத் தாள்மேல் சில நாள் வைத்தால், உயிருள்ள புழு இருக்கும் பட்சத்தில் மாவுபோல் புதுத் தூள் கொட்டியிருக்கும். அப்புறம் பாலித்தீன் உறையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைப்பார்கள். மைனஸ் 30 என்றால் மூன்று நாள் போதும். குளிரவைக்கக் கூடாத பொருளானால், ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு உறையிலிட்டுச் சில வாரம் விட்டுவிடலாம். பாஸ்பீன் வாயு பூச்சியைக் கொல்லும், ஆனால் செம்பையும் கெடுக்கும். செப்பேடும் ஓலையும் ஒரே அறையில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அது ஆகாது.

அதனால் என் கட்சி இது: துளைக்கிற வண்டுக்கும் அதன் புழுவுக்கும் மட்டும் இராமபாணம். மினுமினுப்புப் பூச்சிக்கு வெள்ளிப்பூச்சி. ‘வெள்ளிமீன்’ என்கிற நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம், ஈரம் பிடிக்கும் என்றாலும் அது நீந்துவதில்லை. கறையானுக்குச் செல். குறிப்பேட்டில் பெயர் உறுதியாகத் தெரியாதபோது ‘சுரண்டல்’, ‘துளை’, ‘அரிப்பு’ என்று காயத்தை மட்டும் எழுதி, தேதி போட்டு வைத்தாலே போதும். பூச்சி எதுவென்று அடுத்து வருகிறவர் கண்டுபிடித்துக்கொள்வார்.